சிறு கடையின் கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி: எல்லைப்பக்க வியாபாரிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. மளிகை, பாத்திரக் கடை, ஹார்டுவேர், எல்லை தாண்டிப் புனலூர்ப் பக்கம் சரக்கு அனுப்பும் மொத்தக் கடை என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கிறேன். "இனிமே கணக்கை ஒழுங்கா வச்சுக்கணும்" என்று ஆரம்பித்தவர்களில் பலர் முதல் மாதத்திலேயே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. வேலையை ஆரம்பித்த இடம்தான் தப்பு.

ஒன்று, மூன்று வருடத்துப் பழைய நோட்டை எடுத்துவைத்துச் சரிசெய்ய உட்காருவார்கள். இல்லையென்றால் முதல் நாளே கம்ப்யூட்டர் வாங்குவார்கள். இரண்டும் கடைசியில் செய்ய வேண்டியவை. இன்று ராத்திரி கல்லாவில் இருக்கும் பணத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் சரியான வரிசை. கீழே உள்ள படிகளை முன்பின் மாற்றாமல் செய்யுங்கள்.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

தைத்த நீள நோட்டு மூன்று: ரொக்கத்துக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, கொள்முதலுக்கு ஒன்று. சுருள் கம்பி நோட்டு வேண்டாம். அதில் தாளைக் கிழித்தால் தெரியாது. தெரியாமல் கிழிக்க முடிகிற நோட்டை நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். முதல் வேலையாக எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுவிடுங்கள்.

வரிசை எண் அச்சடித்த பில் புத்தகம், பென்சில் இல்லாமல் பேனா, பில்களைக் கோக்க இரண்டு ஃபைல். பில்லைக் கம்பியில் குத்தித் தொங்கவிடும் பழக்கத்தை அன்றைய பகலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ராத்திரி அது ஃபைலுக்குப் போய்விட வேண்டும். மாதக்கணக்கில் கம்பியில் கிடந்தால் ஓட்டை விழுவது எப்போதும் தொகை இருக்கும் இடத்தில்தான்.

கடைப் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு. இது கட்டாயம். காரணத்தை நாலாவது படியில் சொல்கிறேன்.

2. எந்தத் தேதியில் ஆரம்பிப்பது

நம் பக்கத்துக் கடைகளில் சித்திரை ஒன்று அன்று புதுக்கணக்கு போடுவோம். சில வீடுகளில் கொல்லம் ஆண்டுப்படி ஆவணியில். பூஜை அன்றைக்கே நடக்கட்டும், பிள்ளையார் சுழியும் அன்றைக்கே போடுங்கள். ஆனால் வரிக்கான ஆண்டு ஏப்ரல் 1-ல் பிறக்கிறது. சித்திரை பிறப்பது ஏப்ரல் 14 வாக்கில். நடுவில் உள்ள 13 நாள் விற்பனை பழைய நோட்டில் மாட்டிக்கொள்ளும். வருடக் கடைசியில் இரண்டு நோட்டையும் விரித்து வைத்து அந்த நாட்களைத் தேடிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

அதனால் ஏதாவது ஒரு ஆங்கில மாதத்தின் முதல் தேதியில் கோடு போடுங்கள். குற்றால சீசன், ஓணம், ஐயப்ப சாமிமார் வண்டி வண்டியாக வரும் கார்த்திகை மார்கழி, இந்த மூன்றிலும் ஆரம்பிக்க வேண்டாம். நோட்டை எடுக்கவே நேரம் இருக்காது. பிப்ரவரி நல்ல மாதம். இரண்டு மாதம் கை பழகிவிட்டால் ஏப்ரல் 1 முதல் முழு ஆண்டுக் கணக்கு சுத்தமாக அமையும்.

கோட்டுக்கு முந்தின கணக்கை இப்போது தொடாதீர்கள். அதைச் சரிசெய்துவிட்டுத்தான் புதுசு என்று உட்கார்ந்தவர்களில் புதுசுக்கு வந்து சேர்ந்தவர்கள் மிகக் குறைவு.

3. கோடு போட்ட அன்று என்ன இருந்தது

அன்று கடை அடைத்ததும் நாலு தொகைகளை எழுதுங்கள்: கல்லாவில் உள்ள ரொக்கம், வங்கியில் உள்ள பணம், நமக்கு வர வேண்டியது, நாம் கொடுக்க வேண்டியது. கைமாற்று, தண்டல், சீட்டுப் பணம் எதையும் விட வேண்டாம்.

ஐந்தாவது தொகை சரக்கு இருப்பு. இதில்தான் பலர் மலைத்து நின்றுவிடுகிறார்கள். முழுக் கடையையும் ஒரே ராத்திரியில் எண்ண வேண்டியதில்லை. தினம் ஒரு ரேக் என்று வைத்து, எண்ணிய தேதியைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணி முடித்த ரேக்கிலிருந்து விற்றதை அந்தத் தாளிலேயே கழித்து வந்தால் போதும். கொள்முதல் விலையில் கணக்கிடுங்கள், விற்கும் விலையில் வேண்டாம். விற்காத பொருளில் லாபம் இன்னும் வரவில்லை.

பழைய பாத்திரக் கடைகளில் பொருளின் அடியில் கொள்முதல் விலையைக் குறியெழுத்தில் எழுதும் வழக்கம் உண்டு. அருமையான பழக்கம், விட்டுவிடாதீர்கள். கூடவே வாங்கிய மாதமும் வருடமும் சேர்த்து எழுதினால், எது தேங்கிக் கிடக்கிறது என்பது சரக்கைத் திருப்பிப் பார்த்ததும் தெரியும்.

4. வீட்டுப் பணம் வேறு, கடைப் பணம் வேறு

சிறு கடைக் கணக்கு குழம்புவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். காய்கறிக்கு நூறு, பிள்ளையின் பஸ்ஸுக்கு ஐம்பது, கல்யாண மொய்க்கு ஐந்நூறு, எல்லாமே கல்லாவிலிருந்து எழுதாமல் போகும். மாதம் முடிந்ததும் "வியாபாரம் ஓடுது, பணத்தைக் காணோம்" என்பார்கள்.

எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுத்ததை எழுதுங்கள். "வீட்டுக்கு" என்று ஒரு கட்டம் போட்டு ஐம்பது ரூபாயானாலும் அதில் ஏற்றுங்கள். வீட்டுக்கு எடுப்பது கடைச் செலவு இல்லை. அதைச் செலவில் சேர்த்தால் கடை நஷ்டத்தில் ஓடுவதுபோலத் தெரியும், விட்டுவிட்டால் ரொக்கம் உதைக்கும். தனிக் கட்டம் இருந்தால் இரண்டும் நடக்காது.

இன்றைக்கு இதைவிடப் பெரிய சிக்கல் கியூஆர் அட்டை. மகனின் சேமிப்புக் கணக்கோடு இணைந்த அட்டையைக் கல்லா முன்னால் ஒட்டியிருப்பார்கள். கடை விற்பனை அங்கே விழும், அதிலிருந்தே மகனின் மொபைல் தவணையும் போகும். பின்னால் யாராவது கேட்டால் எது விற்பனை, எது சொந்தப் பணம் என்று பிரிக்க முடியாது. நடப்புக் கணக்கு திறந்த அன்றே பழைய அட்டையைக் கழற்றி, அந்தக் கணக்கில் புது அட்டை வாங்கி ஒட்டுங்கள்.

5. தினமும் ராத்திரி பத்து நிமிடம்: ரொக்கக் கணக்கு

மற்ற எல்லாப் படியும் இதன் மேல்தான் நிற்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. ஒரு நாள் கணக்கு இப்படி இருக்கும்:

காலை இருப்பு 3,500. பில் புத்தகப்படி ரொக்க விற்பனை 14,280. பழைய கடனில் வசூல் 2,000. ஆக வரவு 19,780.

இறக்குக் கூலி 600. டீ 120. வீட்டுக்கு 1,000. வங்கியில் கட்டியது 12,000. ஆகப் பற்று 13,720.

கல்லாவில் இருக்க வேண்டியது 6,060. இப்போது பணத்தை எண்ணுங்கள். 5,860 இருக்கிறது. 200 குறைகிறது.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். விற்பனையை 14,080 என்று திருத்திச் சரிக்கட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யவே கூடாது. "குறைவு 200" என்று எழுதிவிட்டு, 5,860-ஐ மறுநாள் காலை இருப்பாக எடுத்துச் செல்லுங்கள். ஒரு மாதம் இப்படி எழுதினால் குறைவுக்கு ஒரு ஜாடை தெரியும். செவ்வாய்தோறும் குறைகிறதா, குறிப்பிட்ட ஒருவர் கல்லாவில் இருக்கும்போது குறைகிறதா, லோடு இறங்கும் நாளில் மட்டுமா என்று பார்க்கலாம். ஒரு கடையில் நான் இப்படிப் பார்த்தபோது, லோடு வரும் நாளெல்லாம் டிரைவர் படி எழுதாமல் போயிருந்தது. யாரும் திருடவில்லை. ஆனால் அதுவரை அண்ணாச்சி வேலைக்கு நின்ற பையனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். சரிக்கட்டி எழுதியிருந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்திருக்காது.

இன்னொரு தவறு, பில் புத்தகத்தைப் பார்க்காமல் கல்லாவை எண்ணி, "இருக்கிறதுதான் இன்றைய விற்பனை" என்று எழுதுவது. அப்படி எழுதினால் கணக்கு தினமும் சரியாகவே வரும். சரிபார்க்க எதுவும் இருக்காது. இரண்டு தனி வழியில் வந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் பத்து நிமிடம்.

யூபிஐயில் வந்ததை ரொக்கத்தில் சேர்க்காதீர்கள். பக்கத்தின் அடியில் தனி வரியாக எழுதுங்கள். அது கல்லாவுக்கு வந்த பணம் இல்லை.

தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியான தொகையும் சிறு கையெழுத்தும் போடுங்கள். வெள்ளை மை பூச வேண்டாம். அடித்தது வாசிக்கத் தெரிய வேண்டும்.

ரொக்கத்தில் சில வரம்புகளும் நினைவில் இருக்கட்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை, லாபநஷ்டக் கணக்கு எழுதி வருமான வரி கட்டும்போது செலவாக ஏற்க மாட்டார்கள். லாரி வாடகைக்கு மட்டும் வரம்பு 35,000. ஒரே ஆளிடம் ஒரு நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது.

6. கடன் நோட்டு

ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, பில் எண், கொடுத்தது, வந்தது, பாக்கி. ஐந்து கட்டம் போதும்.

பெயரை மட்டும் எழுதாதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்களில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். "தென்மலை பிஜு", "டீக்கடை பிஜு" என்று எழுதியது எழுதியவருக்கு மட்டும்தான் புரியும். பெயர், ஊர், போன் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மூன்றும் இருக்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் பெரியவர் ஓணத்துக்கு முந்தின வாரம் பதினோரு பேருக்குக் கடனில் சரக்கு கொடுத்திருந்தார். எல்லாம் மனக்கணக்கு. அதே மாதம் அவர் தவறிப்போனார். மகனுக்குத் தெரிந்தது நாலு பேர். அந்த நாலு பேரும் நேர்மையாகக் கொடுத்தார்கள். மீதிப் பேர் யாரென்றே இன்றுவரை தெரியவில்லை. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. யாரும் கேட்காத கடனை மனிதர் மறந்துவிடுவது இயற்கை.

சட்டத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. சரக்குக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். அந்த மூன்று வருடம் முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி" என்று கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். முடிந்த பிறகு வாங்கும் கையெழுத்து இதற்கு உதவாது. அதனால் மார்ச் மாதம் ஒவ்வொருவர் பக்கத்திலும் பாக்கித் தொகைக்கு நேராகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். "நம்பிக்கை இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். "எல்லோரிடமும் வாங்குகிறேன், ஆடிட்டர் கேட்கிறார்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நம் நோட்டில் நாமே எழுதியது மட்டும் ஒருவரைக் கடனாளி ஆக்கிவிடாது என்பதும் சட்டம்தான். நோட்டுக்குத் துணையாக, சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குப் பில்லின் அடிக்கட்டையில் கையெழுத்து வேண்டும். டிரைவரிடம் சரக்கைக் கொடுத்து அனுப்பினால் கையெழுத்தோடு அந்தச் சீட்டு திரும்பி வர வேண்டும். வராமல் அடுத்த லோடு போகக் கூடாது.

மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் பாக்கியை அனுப்புங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கும் தேதியும் தொகையும் புரியும். ஆனால் அது நினைவூட்டல்தான். கையெழுத்துக்கு ஈடு என்று விட்டுவிடாதீர்கள்.

கடன் தீர்ந்ததும் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுக்கும் பழைய வழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. அதற்குப் பதில் குறுக்கே கோடிட்டு "தீர்ந்தது" என்று தேதி போட்டு, ரசீது கொடுங்கள். கிழித்த பக்கத்தின் பின்புறம் வேறொருவரின் கணக்கு இருக்கும்.

7. கொள்முதல் பில்

சரக்கு இறங்கும்போதே பில்லை வாங்கிப் பாருங்கள். துண்டுச் சீட்டு, "எஸ்டிமேட்" என்று அச்சடித்த தாள் எதுவும் பில் ஆகாது. கடைப் பெயர், நம் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, வரி பிரித்துக் காட்டியிருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் நாம் கட்டிய வரி நம் கணக்கில் வந்து சேராது. லாரி கிளம்பும் முன் சொன்னால் திருத்தித் தருவார்கள். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் அலைய வேண்டும்.

பில்லுக்கு நம் வரிசை எண் ஒன்று போட்டு, நோட்டில் ஏற்றி, ஃபைலில் வையுங்கள். சரக்கு குறைந்தோ உடைந்தோ வந்தால் அதே பில்லில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

8. ஆரியங்காவு தாண்டும் சரக்கு

ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு அனுப்புபவர்களுக்கான பாடம் இது, உள்ளூர்க் கடைக்காரருக்கு இல்லாதது. நாலு விஷயம், நாலிலும் தவறு நடக்கிறது.

பதிவு. சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டினால்தான் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பது சரி. ஆனால் வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் இந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது. 10 லட்சம் வியாபாரம் செய்பவரும் பதிவு செய்ய வேண்டும். பாவூர்ச்சத்திரம் சந்தையிலிருந்து பச்சைக் காய்கறி மட்டும் அனுப்புபவருக்கு இது இல்லை, அதற்கு வரியே கிடையாது.

காம்போசிஷன் திட்டம். ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ள கடைகள் விற்பனையில் 1 சதவீதத்தை ஜிஎஸ்டியாகக் கட்டும் திட்டம். எளிது என்று பலர் சேர்ந்துவிடுகிறார்கள். அதில் இருப்பவர் கேரளத்திலிருந்து வாங்கலாம், கேரளத்துக்கு அனுப்பக் கூடாது. ஒரு லோடு அனுப்பினாலும் திட்டத்துக்கான தகுதி போய்விடும். சேரும் முன் கடன் நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

வரியின் வகை. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. நாம் 33, வாங்குபவர் 32, சரக்கு அவர் ஊருக்குப் போகிறது என்றால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி போட வேண்டும். இரண்டும் 33 என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, அதாவது மத்திய அரசுக்கும் மாநில அரசுக்குமான வரி. மாற்றிப் போட்டால் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கொள்முதலுக்கும் இதே விதிதான். கொல்லத்திலிருந்து நமக்கு வரும் சரக்கின் பில்லில் கேரள எஸ்ஜிஎஸ்டி போட்டிருந்தால் அந்த வரியை நாம் இங்கே கழித்துக்கொள்ள முடியாது. புனலூர்க்காரர் ஒருவர் கடைக்கு நேரில் வந்து வீட்டுக்கு ஒரு குக்கர் வாங்கிப் போகிறார், பில்லில் முகவரி எழுதவில்லை என்றால் அது உள்ளூர் விற்பனைதான். பயப்பட வேண்டாம்.

இ-வே பில், அதாவது சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை இ-வே பில் தேவையில்லை. மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000. தென்காசிக்கு 80,000 ரூபாய்ச் சரக்கு அனுப்பிப் பழகியவர் புனலூருக்கு 60,000 ரூபாய்ச் சரக்கையும் அதே நினைப்பில் ஏற்றிவிடுகிறார். வரியும் சேர்த்த தொகைக்குத்தான் இந்த வரம்பு, 48,000 ரூபாய்ச் சரக்கு வரி சேர்ந்ததும் தாண்டிவிடலாம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இ-வே பில் செல்லுபடியாகும். மலைப்பாதையில் லாரி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கு மாறினால், வண்டி நகரும் முன் புது வண்டியின் எண்ணை இ-வே பில்லில் மாற்ற வேண்டும். இதை டிரைவருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

9. மாதம் ஒருமுறை

வங்கிக் கணக்கையும் ரொக்க நோட்டையும் வரிவரியாக டிக் அடியுங்கள். அப்புறம் கொள்முதல் நோட்டை ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி பட்டியலோடு, அதாவது நமக்குச் சரக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அது 14-ம் தேதி வரும், காலாண்டுத் தாக்கல் செய்பவர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 14. நம்மிடம் பில் இருந்து பட்டியலில் இல்லை என்றால் அனுப்பியவர் ஏற்றவில்லை என்று பொருள். அன்றே போன் செய்யுங்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அவருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரிக் கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதையும் இதே நாளில் பார்த்துவிடலாம்.

10. காகிதத்தைக் காப்பது

ஆண்டறிக்கை கொடுக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. மெஷினில் வரும் வழவழப்பான பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். வந்த அன்றே நகல் எடுத்துச் சேர்த்துப் பின் குத்துங்கள். நம் ஊரில் சாரல் மாதங்களில் தாள் ஈரத்தை இழுக்கும், கரையானும் அரிக்கும். சுவர் அலமாரி வேண்டாம், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். வருடத்துக்கு ஒரு பெட்டி.

11. கடைசியாகக் கம்ப்யூட்டர்

நோட்டு மூன்று மாதம் தவறாமல் ஓடிய பிறகு வாங்குங்கள். கையில் எழுதத் தெரியாத கணக்கை மென்பொருள் எழுதித் தராது, அதே குழப்பத்தை அச்சடித்துத் தரும்.

முதல் மாதம் நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டின் மாதக் கடைசிப் பாக்கியும் ஒன்றாக வந்தால்தான் நோட்டை நிறுத்தலாம். பொருட்களை ஏற்றும்போது வரி விகிதத்தைப் பழைய பில்லைப் பார்த்துப் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 22-ல் பல பொருட்களின் விகிதம் மாறியது. ஸ்டீல், அலுமினியப் பாத்திரங்கள் 12-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. அதற்கு முந்தின பில் கையில் இருந்தால் தவறான விகிதம்தான் ஏறும்.

வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து, அதை வீட்டில் வையுங்கள். கடையிலேயே வைத்தால் கடைக்கு வரும் சேதம் நகலுக்கும் வரும்.

கணக்கு எழுதுபவன் நானே சொல்கிறேன்: ஜிஎஸ்டி தளத்தில் பதிவான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பல கடைகளில் அது கணக்கரின் எண்ணாக இருக்கிறது. அவர் ஊர் மாறினாலோ மனக்கசப்பு வந்தாலோ உங்கள் கணக்குக்குள் உங்களாலேயே நுழைய முடியாது. வரும் எச்சரிக்கைக் கடிதமும் அவருக்குத்தான் போகும். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். வேறு எண் என்றால், மாற்றுவதற்கான விண்ணப்பத்தை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே அனுப்பிவிடுங்கள்.